கிரேனில் எடை போட்ட பெட்டி

பெட்டியை எடை போட எத்தனையோ வழி இருக்கிறது. கொக்கித் தராசு இருக்கிறது. ஏறி நின்று பார்க்கிற தராசு இருக்கிறது. ஒன்றுமே கிடைக்காவிட்டால் மளிகைக்கடைக்காரரிடம் கெஞ்சலாம். என் மச்சான் எங்கள் பெட்டிகளை இருபத்தைந்து டன் கிரேனில் எடை போட்டார்.

மச்சான் என்றால் என் பெண்டாட்டியின் அண்ணன். கிரேன் ஓட்டுகிறவர். நான் அதே கிரேனுக்குக் கீழே நிற்கிற ஆள். சாமானுக்குப் பெல்ட் போட்டு, கொக்கியில் மாட்டி, மேலே இருக்கிறவருக்குக் கையால் சைகை காட்டி, ஏற்றி இறக்குகிற வேலை. ஒன்பது வருஷம் அவர் மேலே, நான் கீழே. அந்த ஒன்பது வருஷத்தில் நாங்கள் வாயால் பேசியதைவிடக் கையால் பேசியதுதான் அதிகம். வாயால் பேசினால் அது சண்டையில்தான் போய் நிற்கும். அதனால் கையே போதும் என்று இரண்டு பேருமே விட்டுவிட்டோம்.

வெளிநாட்டில் நாங்கள் இருந்த கட்டட சைட்டு வேலை முடிந்துவிட்டது. எல்லோரையும் ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே விமான டிக்கெட்டாகப் போட்டுவிட்டார்கள்.

"சொந்தக்காரங்கதானே, பேசிக்கிட்டே போங்க" என்று ஆபீஸ்காரர் சிரித்தார். அவருக்கென்ன, சிரிப்பார்.

டிக்கெட்டில் ஆளுக்கு முப்பது கிலோ போட்டிருந்தது. கையில் ஏழு கிலோ. ஒரே உருப்படி முப்பத்திரண்டு கிலோவைத் தாண்டக் கூடாது. தூக்கிப் போடுகிறவனின் இடுப்பை நினைத்து வைத்த சட்டம் அது என்று நினைக்கிறேன். எங்கள் சைட்டில் அப்படி ஒரு சட்டம் யாரும் வைத்ததில்லை.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு பை. அதற்குள் ஒரு செயின் பிளாக். சங்கிலியைக் கையால் இழுத்தால் ஒரு டன் வரைக்கும் தூக்கிக் கொடுக்கிற கருவி. எடை பன்னிரண்டு கிலோ. பிரேக் போய்க் குப்பையில் கிடந்ததை ஸ்டோர்க்காரரிடம் கேட்டு வாங்கினேன். வெளியே கொண்டுபோகச் சீட்டும் எழுதி வாங்கினேன். இரண்டு லீவு நாள் உட்கார்ந்து பிரேக் தட்டை மாற்றி, கால் டன் கம்பிக் கட்டைத் தூக்கி ஒரு ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டுப் பார்த்தேன். காலையில் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

ஊரில் ஒரு பட்டறைக்காரர் இருக்கிறார். பழைய அச்சு மெஷின்களை வாங்கி விற்கிறவர். மாடியிலிருந்து மெஷின் இறக்க அவருக்கு ஆள் வேண்டும். "கருவியோட வந்தா வேலை உனக்கு. வெறுங்கையோட வந்தா, வெறுங்கை ஆளுங்க இங்கே தெருவுக்குப் பத்து பேர் இருக்காங்க" என்று போனிலேயே சொல்லிவிட்டார். வருகிற திங்கட்கிழமை முதல் மெஷின். ஆக, அந்த இரும்பு ஊர் போய்ச் சேர்ந்தால் எனக்கு நானே முதலாளி. சேராவிட்டால் மச்சான் பிடித்து வைத்திருக்கிற அடுத்த சைட்டு. இரண்டே மாதத்தில் மறுபடி அவர் மேலே, நான் கீழே.

அதனால் அந்தப் பையை நான் ஏனோதானோ என்று கட்டவில்லை. லீவு நாளில் பஸ் ஏறி விமானக் கம்பெனி ஆபீஸுக்கே போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இரும்புன்னா பெட்டியில போகும், கையில கூடாது. எண்ணெய், கிரீஸ் ஒரு சொட்டு இருந்தாலும் இறக்கி வச்சிடுவாங்க. கயிறு போட்டுக் கட்டின அட்டைப்பெட்டி எடுக்க மாட்டாங்க" என்றார். வந்து, பல்சக்கரம் இருக்கிற பிளாக்கின் தலையைக் கழற்றி, உள்ளே இருந்த கிரீஸை எல்லாம் வழித்து எடுத்தேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். பிறகு மண்ணெண்ணெய் வாசனை போகச் சோப்புத் தண்ணீர். பிறகு வெந்நீர். பிறகு மூன்று நாள் வெயில். சங்கிலியைப் பழைய பேண்ட் காலுக்குள் கண்ணி கண்ணியாக இறக்கி, இரண்டு முனையையும் முடிச்சுப் போட்டேன். கொக்கிகளுக்குக் காலுறை மாட்டினேன். பையின் நடுவில் பிளாக்கின் தலையை வைத்து, சுற்றிலும் துணியை இறுக்கினேன். குலுக்கிப் பார்த்தால் ஒரு சத்தம் வரக் கூடாது. வரவில்லை.

மச்சான் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பச்சைப்புள்ளையைக் கூட இப்படிக் குளிப்பாட்டி இருக்க மாட்டே" என்றார்.

கடைசி நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில்தான் கிரேன் விஷயம் நடந்தது. கூட இருந்த பத்துப் பன்னிரண்டு பேர் தட்டோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"என் சூட்கேஸை மாட்டு மாப்ள" என்று மச்சான் கிரேன் மேலேயிருந்து கத்தினார்.

மாட்டினேன். இரண்டு அடி தூக்கினார். உள்ளே எடை காட்டுகிற திரையைப் பார்த்து, "பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ரெண்டு டன். இருபது கிலோ!" என்றார். அடுத்து அவருடைய அட்டைப்பெட்டி. அதுவும் இருபது. அடுத்து என் பை. அதுவும் இருபது.

"மூணு இருபது அறுபது. ரெண்டு பேருக்கும் சேர்த்து அறுபது. தராசுல நிறுத்த மாதிரி இருக்குல்ல?"

"மச்சான், மூணையும் ஒண்ணா மாட்டுறேன். ஒரே தூக்கா தூக்கிப் பாருங்க."

"ஏன், ஒவ்வொண்ணாத் தூக்கினா கிரேனுக்கு வெட்கமா?"

"அது டன் கணக்குல பார்க்கிற மெஷின். பத்துப் பத்துக் கிலோவாத்தான் நகரும். இருபத்துநாலு இருந்தாலும் அதுக்கு இருபதுதான். என் கைக்கு ஒவ்வொண்ணும் இருபத்துநாலு மாதிரி தெரியுது."

"ஓஹோ. எஞ்சினியருக்குப் படிச்சதை ஏன் மாப்ள இத்தனை வருஷமா எங்ககிட்ட மறைச்சே?"

தட்டோடு நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவனுக்குப் புரையேறியது.

"உன் கையை அங்கே கவுண்டர்ல கழட்டி வை. அவங்க பார்த்துச் சொல்லட்டும்" என்றார் மச்சான். கொக்கியை இறக்கிவிட்டார்.

பிறகு அட்டைப்பெட்டியைக் கட்டச் சொன்னார். கயிறு கூடாது என்று ஆபீஸில் சொன்னதைச் சொன்னேன். "கயிறு இல்லாமப் பெட்டி போய்ச் சேருமா? கட்டுடா" என்றார். கட்டினேன். இரண்டாவது தடவை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லக் கூடாது என்றுதான் சொல்லவில்லை. பெட்டி வாய் மூடாமல் பிதுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கயிறுதான் அதைப் பெட்டியாக வைத்திருந்தது.

மறுநாள் காலை விமான நிலையத்தில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றோம். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். காலையிலிருந்தே பத்து பேரிடம் சண்டை போட்ட முகம்.

"ரெண்டு பேருக்கும் ஒரே டிக்கெட். சாமானைச் சேர்த்துப் போடவா, தனித்தனியாப் போடவா?"

"சேர்த்துத்தான்" என்றார் மச்சான். நான் வாயைத் திறப்பதற்குள்.

சூட்கேஸ் இருபத்துநாலு கிலோ நூறு கிராம். அட்டைப்பெட்டி இருபத்துமூன்றே அறுநூறு. என் பை இருபத்துநாலே நானூறு.

"எழுபத்திரண்டு வருது சார். பன்னிரண்டு கிலோ அதிகம்."

"உங்க தராசு சரியில்லம்மா. நாங்க எடை போட்டுத்தான் வந்தோம்."

"எதுல போட்டீங்க?"

"கிரேன்ல."

"எதுல?"

"கிரேன்லம்மா. கிரேன். கட்டடம் கட்ற கிரேன்."

அவள் பேனாவை வைத்துவிட்டுப் பக்கத்துக் கவுண்டர் பெண்ணைப் பார்த்து, "இங்கே வாயேன், இவங்க கிரேன்ல எடை போட்டு வந்திருக்காங்க" என்றாள். எங்கள் பின்னால் நின்ற கண்ணாடிக்காரர், "நல்லவேளை, லாரியோட எடைமேடையில ஏத்திப் போடல" என்றார். வரிசையே சிரித்தது. மச்சான் திரும்பி என்னைப் பார்த்தார். நான்தான் எல்லோரையும் சிரிக்கச் சொன்ன மாதிரி ஒரு பார்வை.

"அதிகக் கிலோவுக்குக் கட்டணும். இல்லேன்னா எடுக்கணும். அதுக்கு முன்னாடி அந்தக் கயிறை அவுத்திடுங்க. கயிறு கட்டின பெட்டி பெல்ட்ல போகாது, மாட்டிக்கும்."

"அவுத்துவிடு மாப்ள."

"அவுத்தா வாய் பிளந்துடும் மச்சான்."

"அவுத்துவிடுன்னா அவுத்துவிடு."

என் முடிச்சு ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தமாக விட்டுவிடும். எங்கள் வேலையில் அப்படித்தான் போட வேண்டும். இழுத்தேன். பெட்டி ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி நாலு பக்கமும் விரிந்தது. எல்லாம் தரையில்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மாதமாக மச்சான் அந்தப் பெட்டியைக் காட்டி, "இதுல பாதி உன் வீட்டுக்குத்தான். என் தங்கச்சிக்கு, உன் புள்ளைங்களுக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போனில் என் பெண்டாட்டியிடமும் சொல்லிவிட்டார். அவளும் "அண்ணன் எவ்வளவு வாங்கியிருக்கார், நீங்களும் இருக்கீங்களே" என்று என்னைக் காய்ச்சி எடுத்தாள்.

தரையில் கிடந்தது இதுதான். பித்தளைத் தண்ணீர்க் குழாய் எட்டு. கதவுப் பூட்டு ஒன்று, அதன் சாவிக்கொத்தோடு. மின்சார ஸ்விட்ச்சுகள் ஒரு பொட்டலம். கனமான கம்பளி மூன்று. துணி துவைக்கிற தூள் நாலு கிலோ. எல்லாம் அவர் கட்டுகிற புது வீட்டுக்கு. மூலையில் ஒரே ஒரு சோப்பு. அது எதோடோ இலவசமாக வந்த சோப்பு. "விற்பனைக்கு அல்ல" என்று அதன் மேலேயே போட்டிருந்தது. எங்கள் வீட்டுப் பாதி அதுதான் போல.

நான் குனிந்து அந்தச் சோப்பை எடுத்துப் பார்த்தேன்.

"என்னத்தைப் பார்க்கிறே? பொறுக்கிப் போடு" என்றார்.

"என் வீட்டுப் பாதி இதுவா மச்சான்?"

"இந்த நேரத்துலதான் பாகப்பிரிவினை பண்ணணுமா?" என்று சொல்லிவிட்டுப் பெண்ணின் பக்கம் திரும்பினார். குரல் மாறிவிட்டது. "அம்மா, பன்னிரண்டு கிலோதானே? இவன் பையில ஒரு பழைய இரும்பு இருக்கு. சரியாப் பன்னிரண்டு கிலோ. அதை எடுத்துட்டாச் சரியாப்போச்சு. இந்தப் பெட்டியை நான் டேப் போட்டு ஒட்டித் தரேன்."

சொல்லிக்கொண்டே என் பையின் ஜிப்பில் கை வைத்தார். நான் அவர் கையின் மேல் கை வைத்தேன்.

"கையை எடுங்க மச்சான்."

"ஏய், என்ன இது? ரெண்டு மாசத்துல திரும்பி வரப்போறோம். அதுக்குள்ளே இந்த இரும்பை வச்சு அங்கே என்ன வெட்டி முறிக்கப் போறே?"

"நான் திரும்பி வரல."

"வரல? விசாவுக்கு உன் பேரைக் குடுத்தாச்சு."

"என்னைக் கேட்டா குடுத்தீங்க?"

"உன்னை எதுக்குக் கேட்கணும்? ஒன்பது வருஷம் முன்னாடி கேட்டா கூட்டிட்டு வந்தேன்? நான் கூட்டிட்டு வரலேன்னா நீ இன்னும் மூட்டை தூக்கிட்டிருப்பே."

"இப்பவும் உங்க மூட்டையைத்தான் தூக்கிட்டிருக்கேன்."

பின்னால் நின்ற கண்ணாடிக்காரர், "அண்ணே, விமானம் போயிடும்ணே. குடும்ப வழக்கை ஊர்ல போய் வச்சுக்கங்க" என்றார்.

"நீங்க வாயை மூடுங்க" என்றோம் இரண்டு பேரும் ஒன்றாக. அந்தக் காலையில் நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒரு இடத்தில்தான்.

நான் கவுண்டர் பெண்ணிடம் கேட்டேன். "முதல்லயே நீங்க தனித்தனியாவும் போடலாம்னு சொன்னீங்க இல்லம்மா?"

"ஆமா. ஆளுக்கு முப்பது. உங்க பை இருபத்துநாலுதான். தனியாப் போட்டா உங்களுக்குப் பிரச்சினையே இல்ல."

"அப்போ தனியாப் போடுங்க."

ஒன்பது வருஷத்தில் நான் மச்சானைத் தனியாகப் போடச் சொன்னது அதுதான் முதல் தடவை. என் பை பெல்ட்டில் ஏறி, அதற்கு லக்கேஜ் அட்டை மாட்டப் போகிற நேரம். அப்போது சொன்னார்.

"அம்மா, அந்த இரும்புல எண்ணெய் இருக்கு. மெஷின் எண்ணெய். நான் பொறுப்பு இல்ல, சொல்லிட்டேன்."

அடுத்தவன் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது. என் பெண்டாட்டியின் கூடப் பிறந்தவர். நான் பிளாக்கைக் கழுவியதை மூன்று நாள் கதவில் சாய்ந்து நின்று பார்த்தவர்.

பெண்ணின் கை நின்றுவிட்டது. பெல்ட்டை நிறுத்தினாள். போன் எடுத்து யாரையோ கூப்பிட்டாள். பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்தார். வயிறு பெரிசு, பேச்சு சிறுசு.

"திற."

திறந்தேன். துணிகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். என் உள்ளாடையை எல்லாம் வரிசை முழுக்கப் பார்த்தது. பேண்ட் காலை அவிழ்த்துச் சங்கிலியைக் காட்டினேன். கொக்கிக்குப் போட்டிருந்த காலுறையைப் பார்த்து அதிகாரியின் மீசை கொஞ்சம் அசைந்தது. சிரிப்பா என்று தெரியவில்லை.

"என்ன இது?"

"செயின் பிளாக் சார். கனம் தூக்குறது. ஸ்டோர் சீட்டு இருக்கு."

சீட்டைப் பார்த்தார். குனிந்து மோந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் காகிதத் துணி ஒன்றை எடுத்து, சங்கிலியைக் கண்ணி கண்ணியாக இழுத்துத் துடைத்தார். பிறகு பிளாக் தலையின் இடுக்கில் விரலை விட்டுத் துடைத்தார். அந்த இடுக்கில்தான் எனக்குப் பயம். அங்கே மட்டும் பழைய பல் தேய்க்கிற பிரஷ் வைத்துத் தேய்த்திருந்தேன், ஆனால் இரும்பு துணியைப் போல அல்ல, வெயிலில் உள்ளே இருப்பதை வியர்த்து வெளியே விடும். திங்கட்கிழமை, மெஷின், பட்டறைக்காரர் எல்லாம் அந்தக் காகிதத்தின் நுனியில் இருந்தது.

அதிகாரி காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கொஞ்சம் துருவின் பழுப்பு. அவ்வளவுதான்.

"எங்கே எண்ணெய்?" என்று மச்சானைக் கேட்டார்.

மச்சான் குனிந்து தரையில் கிடந்த ஒரு குழாயைப் பொறுக்கினார்.

"உங்க பெட்டியில பேட்டரி, பவர் பேங்க் ஏதாவது இருக்கா?" என்று அவரையே மறுபடி கேட்டார்.

"இல்ல சார்."

இருந்தது. சூட்கேஸின் பக்கவாட்டு ஜிப்புக்குள் அவர் பவர் பேங்கை வைத்ததை நான் பார்த்திருந்தேன். பெட்டியில் வைக்கக் கூடாது, கையில்தான் கொண்டுபோக வேண்டும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். அவரைப் போல ஒரு தடவை செய்துவிட்டால் அப்புறம் அவர் மேல் கோபப்பட எனக்கு வழி இருக்காதே என்று பார்த்தேன். அந்தக் கோபம் எனக்கு வேண்டியிருந்தது.

மறுபடி அடுக்கிக் கொடுத்த என் பை உள்ளே போனது. கறுப்பு ரப்பர் திரையைத் தள்ளிக்கொண்டு போனதைக் கடைசி வரைக்கும் பார்த்தேன்.

"உங்க கணக்குல இன்னும் அஞ்சரைக் கிலோ மிச்சம் இருக்கு சார்" என்றாள் பெண் என்னிடம். பார்வை மட்டும் மச்சான் மேல் இருந்தது. அவர் காதில் விழட்டும் என்றே அதைக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

மச்சான் அதை என்னிடம் கேட்கவில்லை. நான் கொடுக்கவில்லை.

அவர் தூண் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து சூட்கேஸைத் திறந்தார். ஐம்பது வயசு ஆள், முழங்காலில் நின்று குழாய்களைக் கோழி முட்டையைப் போல ஒவ்வொன்றாகத் துணிக்குள் சொருகினார். நாலு குழாயும் பூட்டும் சூட்கேஸுக்குள். நாலு குழாய் கைப்பைக்குள். அந்தச் சாக்கில் பவர் பேங்கும் கைப்பைக்கு மாறியது. ஸ்விட்ச்சுகளைப் பேண்ட் பையிலும் சட்டைப் பையிலும் திணித்தார். ஒரு கம்பளியை அந்தப் புழுக்கத்தில் தோளில் போட்டுக்கொண்டார். இரண்டு கம்பளியும் துணி துவைக்கிற தூளும் மிஞ்சின.

தரை துடைக்கிற அம்மா வந்து, "இது யாரோடது?" என்றார்.

"உங்களோடதுதான்" என்றார் மச்சான்.

"எனக்கா?"

"எடுத்துக்கிட்டுப் போங்கம்மா. கேட்க ஆள் இல்லாத சாமான்."

அந்த அம்மா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, கம்பளியை வண்டியின் கீழ்த்தட்டில் வைத்து, மேலே ஒரு துடைக்கிற துணியைப் போட்டு மூடிக்கொண்டு போனார். அஞ்சரைக் கிலோ என்னிடம் கேட்பதைவிட, இப்படித் தூக்கிக் கொடுப்பது மச்சானுக்குச் சுலபமாக இருந்தது. சோப்பை மட்டும் என் பக்கம் வீசினார். "இந்தா, உன் பாதி" என்றார். பிடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவருடைய சூட்கேஸும் பெல்ட்டில் போன பிறகு உள்ளே போய், விமானத்துக்குக் கூப்பிடுகிற இடத்தில் உட்கார்ந்தோம். நடுவில் ஒரு நாற்காலி காலி. அதில் அவர் கம்பளியை வைத்தார். ரொம்ப நேரம் கழித்து என் பக்கம் பார்க்காமலேயே கேட்டார்.

"நிஜமாவே வரமாட்டியா?"

"வரல."

"விசா அடிச்சு வந்துடும்."

"என் பேரை எடுத்துடச் சொல்லுங்க."

"அப்போ கீழே யார் நிப்பா?"

இதுதான் விஷயம். இரும்பும் இல்லை, கிலோவும் இல்லை. இரண்டு வருஷம் முன்னால் ஒரு கம்பித் துணுக்கு தெறித்து அவருடைய இடது கண்ணில் பட்டது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்தக் கண்ணுக்குப் பார்வை பாதிகூட இல்லை. மருத்துவப் பரிசோதனையில் எழுத்து அட்டையை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு வந்தார். இது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அன்றிலிருந்து நான் எப்போதும் அவருக்கு வலப்பக்கமாகத்தான் நிற்பேன். சாமான் இடப்பக்கம் போனால் நான் ஓடிப்போய் அவருக்குத் தெரிகிற மூலையில் நின்று கை காட்டுவேன். அவர் கேட்டதில்லை. நான் சொன்னதில்லை. வேறு எவன் வந்தாலும் ஒரு நாள், இரண்டு நாள். மூன்றாம் நாள் கண்டுபிடித்துவிடுவான். கண்டுபிடிக்காவிட்டால் அவன் தலையிலேயே எதையாவது இறக்குவார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்ததும் தப்புதான். நான் சரியான பக்கம் நிற்கிறவரைக்கும் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"யாரும் நிக்க வேண்டாம். நீங்க மேலே ஏறாதீங்க மச்சான்."

"என்னடா சொல்றே?"

"ஏறாதீங்கன்னு சொல்றேன். வேற வேலை பாருங்க."

"வேற என்ன வேலை? உன் சங்கிலியை இழுக்க வரவா? தினக்கூலி எவ்வளவு தருவே, முதலாளி?"

"வந்தா தரேன்."

"தூ" என்றார். துப்பவில்லை, சத்தம் மட்டும். "நீ இல்லேன்னா இன்னொருத்தன். உலகத்துல கை ஆட்டத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தானா?"

"அவன் இடப்பக்கம் நிப்பான்."

மச்சான் முதல் தடவையாகத் தலையை முழுசாகத் திருப்பி என்னைப் பார்த்தார். சத்தம் இறங்கிவிட்டது.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இதுவரைக்கும் இல்ல. ஆனா நீங்க அந்தச் சைட்டுல கிரேன் ஏறினீங்கன்னு கேள்விப்பட்டா, கம்பெனிக்கு எழுதிப் போட்டுடுவேன்."

"நீ? எழுதிப் போடுவே? உனக்கு எழுத வருமாடா?"

"வரும்."

"பிழை இல்லாமயா?"

"பிழையோட எழுதினாலும் அவங்களுக்குப் புரியும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் அம்மாவைப் பற்றித்தான் இருக்கும், உதடு அப்படித்தான் குவிந்தது. சொல்லவில்லை. எதிரே ஒரு கைக்குழந்தைக்காரி உட்கார்ந்திருந்தாள், அவளுக்காக விட்டிருப்பார். பிறகு, "தங்கச்சிகிட்ட இதைப் பத்திப் பேசாதே" என்று மட்டும் சொன்னார். கெஞ்சலாக இல்லை, உத்தரவாகத்தான் இருந்தது. அவருக்கு வேறு மாதிரி பேச வராது.

"பேச மாட்டேன். சோப்பைப் பத்தி மட்டும் பேசுவேன்."

"பேசு. பேசித் தொலை."

இருக்கை எண்படி கூப்பிட ஆரம்பித்தார்கள். மச்சான் எழுந்தார். கைப்பையைத் தோளில் மாட்டினார். உள்ளே குழாய்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. கம்பளியை எடுத்துக்கொண்டு, என்னைக் கூப்பிடாமல் வரிசையில் போய் நின்றார். நானும் எழுந்து போனேன். பழக்கதோஷத்தில் என் கால் தானாக அவருடைய வலப்பக்கம் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவருக்குப் பின்னால் நின்றேன். நடுவில் வேறு இரண்டு பேர் வந்து நிற்கட்டும் என்று கொஞ்சம் இடமும் விட்டேன்.